கண்ணாடியில் நிற்பவன்

அத்தியாயம் ஒன்பது

"லைட்டை மாத்தினா அவன் வரமாட்டான்."

போன வாரம் அத்தை இதைச் சொல்லிவிட்டுத் தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவன் என்றால் பெரியவன். அத்தைக்கு மூத்த மகன், மருமகளுக்குப் புருஷன். இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது ஈரச் சாலையில் வண்டி சறுக்கிச் செத்துப்போனவன். அவன் விட்டுப்போனவற்றில் இன்னும் உயிரோடிருப்பது ஹாலில் சுவரோரம் நிற்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். அது மீனுக்காக வைத்த தொட்டி அல்ல, செடிக்காக வைத்தது. தண்ணீருக்கு அடியில் ஒரு தோட்டம். மீன்கள் அதில் வாடகைக்குக் குடியிருந்தன.

அந்தத் தோட்டம் இப்போது செத்துக்கொண்டிருந்தது. மூடிக்குள் இருந்த இரண்டு ட்யூபில் ஒன்று எப்போதோ போய்விட்டது. மற்றது இரண்டு முனையும் கறுத்து, ஆறிப்போன டீயின் நிறத்தில் எரிந்தது. செடிகள் வெளிச்சத்தைத் தேடி நூல் நூலாக மேலே நீண்டன. அடி இலைகள் அழுகி உதிர்ந்தன. கண்ணாடி ஓரங்களில் பழுப்புப் பாசி ஏறியது.

அந்த மங்கல்தான் அத்தைக்கு வேண்டியிருந்தது. தொட்டிக்கு எதிரே மெஷினைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் ஊராருடைய உடுப்புகளைப் பிரித்துத் தைப்பாள். பொழுது சாயும் நேரத்தில் தொட்டியின் முன்கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் இருக்கும் வாசல் தெரியும். வாசலில் பெரியவன் வந்து நிற்பான். இது அத்தை சொன்னது.

மருமகளுக்கோ அவகாசம் இல்லை. அவள் வேலை பார்க்கும் பெயிண்ட் கடையின் முதலாளி வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார். கலர் கலக்கும் கவுன்ட்டரை அங்கே அவள் பொறுப்பில் விட அவருக்கு விருப்பம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இது அத்தைக்கும் தெரியும். சரி என்று சொல்லத்தான் அவளுக்கு மனது. அந்த ஹாலை விட்டுப் போக வேண்டும் என்று அவள் நினைக்க ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் செத்துக்கொண்டிருக்கும் தொட்டிக்கும் செத்துப்போன மகனுக்கும் நடுவே அத்தையை உட்காரவைத்துவிட்டுப் போனால், போன இடத்தில் சோறு இறங்காது.

எனவே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொழுந்தனைக் கிளப்பிக்கொண்டு அவள் அக்வேரியம் கடைக்குப் போனாள்.

கொழுந்தனை வீட்டில் சின்னவன் என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக். காலையில் கிளம்பினால் எந்தக் கட்டடத்தில் எந்தக் குழிக்குள் இறங்கிக் கிடக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. குள்ளம். அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றால் பாதியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருப்பான் என்று அவனே சொல்வான்.

கடைக்குள் எல்லாத் தொட்டிகளும் ஒரே சமயத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் கையில் வலையோடு வந்தார்.

"தொட்டி எவ்வளவு நீளம்?"

"மூணு அடி. உயரம் ஒன்றரை" என்றான் சின்னவன்.

"உயரத்தைச் சொன்னீங்களே, அது புண்ணியம். எல்லாரும் நீளத்தை மட்டும் சொல்லிட்டு லைட்டைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. மேல எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் தண்ணி பாதியைக் குடிச்சிடும். தரையில இருக்கற செடிக்கு மிச்சம் மீதிதான்."

அவர் முதலில் நீலமும் ரோஸும் கலந்த ஒரு பட்டை விளக்கைப் போட்டுக் காட்டினார். கீழே இருந்த மீன்கள் எல்லாம் ஒரே நொடியில் ஒப்பனை போட்டுக்கொண்டன.

"இதுதான் இப்ப நல்லா ஓடுது."

"சலூன் மாதிரி இருக்கு" என்றாள் மருமகள்.

அவள் கைப்பையிலிருந்து பெயிண்ட் கடையின் ஷேடு கார்டை எடுத்தாள். விசிறி போல விரிகிற, நிறம் நிறமான அட்டைகள். எந்த நிறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் நம்பக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். கடைக்குள் பார்த்துச் சந்தனம் என்று வாங்கிப் போனவன், சுவரில் அடித்ததும் சாம்பல் என்று சண்டைக்கு வருவான். விளக்குகள் பொய் சொல்லும். எந்த விளக்கு குறைவாகப் பொய் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு விளக்குக்கு அடியிலும் சிவப்பு அட்டையையும் இலைப்பச்சை அட்டையையும் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் சிவப்பு செங்கல்லாகியது. இன்னொன்றில் பச்சைக்கு நோய் வந்தது. மூன்றாவதில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பச்சைக்குள் கொஞ்சம் மஞ்சள்கூடத் தெரிந்தது. பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரும் வெள்ளை.

"இது."

கடைக்காரர் சின்னவனைப் பார்த்தார். "வர்றவங்க வாட்ஸ் கேப்பாங்க, விலை கேப்பாங்க. அட்டை வெச்சுப் பாக்கறது இதுதான் முதல் தடவை."

"எங்க அண்ணி தக்காளி வாங்கினாலும் இப்படித்தான்" என்றான் சின்னவன். விளக்கின் முதுகைத் தடவி, அதன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்த்தான். அலுமினிய முதுகு. திருப்தியாகத் தலையாட்டினான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், மணிக்கணக்கு வைக்கும் டைமரும் கூடவே வந்தன.

பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் சொன்னார்: "எடுத்த எடுப்புல ஃபுல்லா வெச்சிடாதீங்கம்மா. இருட்டுல பட்டினி கிடந்த செடி அது. திடீர்னு வெளிச்சத்தை இலை நிறையப் பரிமாறினா அது சாப்பிடாது, பாசி வந்து சாப்பிட்டுடும். பாதிக்கும் கீழ வெச்சு ஆரம்பிங்க. புதுத் தளிர் வர்றதைப் பாத்துட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். மத்தியானம் ஆரம்பிச்சு ராத்திரி அணைச்சிடுங்க. நீங்களும் பாக்கலாம், அதுவும் தூங்கும்."

திரும்பும் வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது சின்னவன் கழுத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"அண்ணி. அம்மா சொல்றதை நம்பறீங்களா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவள் மடியில் இருந்த பெட்டியை இறுக்கிக்கொண்டாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டா இருந்தா இந்தப் பக்கம் இருக்கறது தெரியும். தொட்டிக்குள்ள வெளிச்சம் இல்ல, அதனால ஹால் தெரியுது. உள்ள நல்லா வெளிச்சம் போட்டா செடி மட்டும்தான் தெரியும். ஹால் போயிடும், வாசல் போயிடும்."

"அண்ணன்?"

"அண்ணன் போயாச்சு தம்பி."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். சின்னவன் அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தான்.

பெட்டியைப் பார்த்ததும் அத்தை வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். எல்லாம் தீர்ந்த பிறகுதான் வாய் காலியானது.

"எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க."

"செடி சாகுது அத்தை. அவர் வெச்ச செடி."

"செடிதான் அவன் வெச்சது. நான் அவனையே பெத்தேன்."

மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டியின் பழைய மூடியைத் தூக்கினாள். சின்னவன் ஒயரைப் பிடுங்கினான். டீ நிறம் அணைந்தது.

மூடியைத் திருப்பிப் போட்டபோது அதன் உள்பக்கம் முழுக்க வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது. கைவிரல் அகலத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், மீன் செதிலைப் போல. ட்யூபின் வெளிச்சம் மேலே வீணாகாமல் கீழே திரும்புவதற்காகப் பெரியவன் செய்த வேலை. சிகரெட் பாக்கெட்டின் உள்தாள்.

மருமகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் ஒட்டினது இது. நான்தான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஃபேக்டரியில கிடைச்ச தாளுன்னு சொன்னார்."

"நீ நம்பினியா?" என்றாள் அத்தை.

"நம்பினேன்."

"என் பிள்ளை பொய் சொல்றப்ப இடது காது சிவக்கும். நீ ஷேடு கார்டை வெச்சுப் பாத்திருக்கணும்."

சின்னவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு வருந்துபவன் மாதிரி உடனே குனிந்து ப்ளக்கைத் தேடினான். புது விளக்கின் ப்ளக் தடிமன். சுவரில் இருந்த பழைய துளைக்குள் போகவில்லை. "மூணு பின் அடாப்டர் ஒண்ணு வேணும். வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கினான்.

வீட்டில் இரண்டு பெண்களும் விளக்கில்லாத தொட்டியும் இருந்தார்கள். மருமகள் பஞ்சை எடுத்துக் கண்ணாடிப் பாசியைத் துடைக்க ஆரம்பித்தாள். அடிப்பக்கம் எட்டவில்லை. அத்தை அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருந்ததால், மெஷினுக்குப் பின்னால் இருந்த அத்தையின் ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் அவள் உட்கார்ந்ததில்லை.

துடைத்த இடத்தில் வாசல் தெரிந்தது.

தண்ணீரின் இருட்டுக்குள், வாடிய செடிகளுக்கு நடுவில், ஒரு கதவுநிலை. அதற்குப் பின்னால் மாடிப்படி ஜன்னலின் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் முகம் தெரியாது, உருவம்தான் தெரியும். அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தாள். அதிலும் இல்லை. ஆனாலும் யாரோ இப்போதுதான் நகர்ந்த இடம் மாதிரி அது இருந்தது.

இத்தனை நாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

"அத்தை, அவர் எப்படி நிப்பார்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டான்" என்றாள் அத்தை. "ஜாக்கெட் போட்டிருப்பான். ஒரு கையை நிலையில வெச்சுக்கிட்டு நிப்பான். உள்ள வர மாட்டான். என்னைக் கூப்பிடவும் மாட்டான். பாத்துக்கிட்டே நிப்பான். நான் நூலை மாத்தக் குனிஞ்சு நிமிந்தா போயிருப்பான்."

மருமகளின் கையிலிருந்த பஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது.

பெரியவனின் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்கு மேல் ஆணியில் தொங்கின. அவன் வண்டியை இப்போது ஓட்டுவது அவள். அவன் ஜாக்கெட்டைப் போடுவதும் அவள். வேலை முடிந்து மாடி ஏறி வந்தால் அவளுக்கு உள்ளே நுழையப் பிடிக்காது. நுழைந்தால் பேச வேண்டும். அத்தை திரும்பினால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் தினமும் பொழுது சாயும் நேரத்தில் அவள் ஹெல்மெட்டோடு, ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு, அத்தையின் தலைக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் வெளியே போய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, அப்போதுதான் வந்தவள் போலச் செருப்புச் சத்தத்தோடு வருவாள்.

பேய்க்குச் சம்பளம் கொடுத்தால் இந்த வீட்டில் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மருமகள் எழுந்து இடம் விட்டாள். "தம்பிக்கு அளவு தெரியாது, நானும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று எதையோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கதவுக்கு வெளியே நின்றபடி அவள் ஜாக்கெட்டை எடுத்தாள். இது தப்பு என்று தெரிந்தது. செய்து பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஜிப்பை இழுத்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். அதற்குள் இன்னும் அவன் தலை வாடை இருப்பதாக முன்பெல்லாம் நினைப்பாள். இப்போது அவளுடைய எண்ணெய் வாடைதான். வாசலில் வந்து, ஒரு கையை நிலையில் வைத்தாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகியது. அத்தையின் கால் மிதியில் நின்றது. முதுகு நிமிர்ந்தது.

"ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டியா?" என்றாள் அத்தை, கண்ணாடியிடம்.

மருமகள் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வந்தது நல்லதாப் போச்சு. உன் பொண்டாட்டிக்கு ஒண்ணு சொல்லணும். நாளைக்கு அந்த முதலாளிகிட்ட சரின்னு சொல்லச் சொல்லு. இங்க கிடந்து என்ன பண்ணப்போறா. என் முதுகைப் பாத்துக்கிட்டே கிழவி ஆகணுமா." அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் சொன்னா துரத்தற மாதிரி இருக்கும். நீ சொன்னா கேப்பா. சொல்லிடு."

அதன் பிறகு அவள் நூல் கண்டை மாற்றக் குனிந்தாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டது மாதிரி இருந்தது.

மருமகள் பின்வாங்கினாள். ஆணியில் ஜாக்கெட்டை மாட்ட முடியவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடாப்டரோடு ஏறி வந்த சின்னவன் அவளைப் பார்த்து நின்றான்.

"ஏன் அண்ணி இங்க?"

"காத்து வாங்கறேன்."

"மாடிப்படியிலயா? நான் மட்டும்தான் லிஃப்ட் குழியில காத்து வாங்கறேன்னு நினைச்சேன்." அவள் சிரிக்காததைப் பார்த்து அவன் முகம் மாறியது. "அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். அது பொய் இல்லை.

விளக்கைப் பொருத்த அதிக நேரம் ஆகவில்லை. தொட்டியின் இரண்டு பக்க விளிம்பிலும் உட்காரும் கால்கள். சின்னவன் அவற்றை நகர்த்தி நகர்த்தி மட்டம் பார்த்தான். தண்ணீருக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டான். ஒயரில் தண்ணீர் வழிந்தால் ப்ளக்குக்குப் போகாமல் தரையில் சொட்டட்டும் என்று அதை ஒரு வளைவாகத் தொங்கவிட்டான். வெளியே பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

அத்தை ஸ்டூலைவிட்டு நகரவில்லை. அவளைச் சுற்றித்தான் வேலை நடந்தது.

"கொஞ்சமா ஆரம்பிக்கறேன்" என்று சின்னவன் திருகை அசைத்தான்.

தண்ணீருக்குள் விடியற்காலை மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. செடிகளின் விளிம்பு தெரிந்தது. கண்ணாடியில் வாசலும் தெரிந்தது, செடிகளோடு கலந்து, பாதிப் பாதியாக. மருமகள் தொட்டியைப் பார்க்கவில்லை. அத்தையின் கண்களைப் பார்த்தாள். அவை இரண்டு இடத்துக்கு நடுவில் அலைந்தன.

"இன்னும்" என்றாள் அத்தை.

சின்னவன் திருகினான். வாசல் மெலிந்தது. கதவுநிலை ஒரு கோடாகியது. பிறகு அந்தக் கோடும் போய்விட்டது. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அழுகிய தண்டுகள், கூளம், ஒளிந்திருந்த சின்ன மீன்களின் பயம், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. மூலையில் கறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு செடி கறுப்பு இல்லை. கருஞ்சிவப்பு. அதன் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு இலை, ரத்தச் சிவப்பில்.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு சிவப்பா அது" என்றாள் அத்தை.

"பாதிக்கும் கீழதான் இருக்கு. கடைக்காரர் சொன்ன அளவு" என்றான் சின்னவன். "இதுக்கு மேல இப்ப வேணாம்."

மருமகள் சண்டைக்குத் தயாராக நின்றாள். வாசல் போய்விட்டதே என்று அத்தை கேட்பாள். கேட்டால் சொல்லிவிட வேண்டும், அது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஒரு வார்த்தையும் நன்றாக இல்லை.

அத்தை கேட்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "சாயங்காலம் இப்படியே எரியட்டும்."

"அப்ப டைமரை வெச்சிடறேன்" என்று சின்னவன் பட்டனைத் தட்டினான். "மத்தியானம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும்."

"மத்தியானம் வேணாம்."

அவசரமே இல்லாத குரல். மெஷின் உறையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எட்டு மணி நேரம் வேணும்மா. செடிக்கு."

"பொழுது சாயறப்ப ஆரம்பி. ராத்திரி எவ்வளவு நேரம் வேணும்னாலும் எரியட்டும். எனக்குத் தூக்கம் கெடாது. மத்தியானம் இருட்டாவே இருக்கட்டும்."

"ஏன் அத்தை?" என்றாள் மருமகள்.

அத்தை அவளை நேராகப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு பார்த்தாள். புது வெளிச்சத்தில் அந்த முகத்தில் ஒளிய இடமே இல்லை.

"சாயங்காலம் வாசல்ல நிக்கறது நீன்னு எனக்குத் தெரியும்மா."

மருமகள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆவிக்குப் பெயிண்ட் தின்னர் வாடை அடிக்குமா? மொத நாளே தெரியும். அதுவும் இல்லாம, என் பிள்ளை என்னைக்காவது சத்தம் போடாம நின்னிருக்கானா? செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே 'என்ன சாப்பாடு'ன்னு கத்துவான். நீ நேரா வந்து பேச மாட்ட. எனக்கும் நேரா பேச வராது. கண்ணாடி நடுவுல இருந்தா ரெண்டு பேருக்கும் சௌகரியமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன். இன்னைக்கு எல்லாம் சொல்லியாச்சு. இனிமே அந்தக் கண்ணாடி எதுக்கு."

தொட்டியில் ஒரு மீன் மறைவிலிருந்து வெளியே வந்து, வெளிச்சத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் நின்றது.

"அப்ப மத்தியானம்?" என்று கேட்டாள் மருமகள். கேட்டது தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம்.

"மத்தியானம் நீ கடையில இருப்ப."

"அதான் கேக்கறேன். மத்தியானம் யாரு?"

அத்தை உறையை மெஷின் மேல் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாள்.

"அவன் ஹெல்மெட் போடறதில்ல" என்றாள். "நிலையில கை வைக்கறதில்ல. நான் தலையைத் திருப்ப மாட்டேன். திருப்பினா போயிடுவான்னு தெரியும். ஆனா குரல் கேக்குது. என்ன சாப்பாடுன்னு கேக்கறான்."

மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அது தெருவரைக்கும் போய் அடங்கும்வரை மூவரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இல்ல அண்ணி" என்றான் சின்னவன்.

அவனை யாரும் கேட்கவில்லை.

மருமகள் அவனைப் பார்த்தாள். அவன் டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் முழுக்க எந்தக் கட்டடத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாதவன். அண்ணனின் உயரம் இல்லாவிட்டாலும் அண்ணனின் குரல் உள்ளவன். மத்தியானம் வருவது அவன் என்றால் ஏன்? அவன் இல்லை என்றால் யார்? இரண்டு கேள்வியும் ஒன்றுக்கொன்று சளைத்ததாக இல்லை.

"பொழுது சாயறப்ப ஆரம்பிக்கற மாதிரி வெச்சிடுங்க தம்பி" என்றாள். "மத்தியானம் வேணாம்."

"நாளைக்குப் போய் முதலாளிகிட்ட சரின்னு சொல்லிடு" என்றாள் அத்தை. இந்த முறை கண்ணாடியிடம் அல்ல.

"பதில் சொல்றேன் அத்தை. ஆனா காலையில போகல. லீவு சொல்லப்போறேன்." அவள் அத்தையின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டாள். "மத்தியானம் வரைக்கும் உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் சொல்றேன், போறேனா இல்லையான்னு."

சின்னவன் விளக்கின் காலில் இருந்த ஸ்க்ரூவை மறுபடியும் முறுக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.